ஈக்கு நட்ட தக்காளி

என்னயப் பாத்தா பொறாமக்காரன் மாதிரியாங்க தெரியுது? மறைக்காமச் சொல்லுங்க. நீங்க யாரோ, நான் யாரோ. வத்தலக்குண்டு வந்தா நீங்க எறங்கிருவீங்க, அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கப் போறதில்ல. காலைல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே எங்க வீட்டுக்காரி சொல்றா, "போற எடத்துல வயித்தெரிச்சல மூஞ்சில காட்டிக்காம வாங்க"ன்னு. கட்டுன பொண்டாட்டி சொல்ற பேச்சாங்க இது? எனக்கு எதுக்குங்க வயித்தெரிச்சல்? ஒருத்தர் முன்னுக்கு வந்தா சந்தோசப்படற ஆளு நானு. முன்னுக்கு வர்றவங்க நம்ம முதுகு மேல ஏறி நிக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது.

என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல? தக்காளி. விக்கறதில்லீங்க, உருவாக்கறது. உடுமலப் பக்கம் ஒரு அரசாங்கப் பண்ணைல விஞ்ஞானி. பேரு குழந்தைவேலு. நல்லாக் காய்க்கற செடி ஒண்ணு, பழம் கெட்டியா இருக்கற செடி ஒண்ணு, ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சு, பொறக்கறதுல நல்லதப் பொறுக்கி, அத நட்டு, அதுலயும் பொறுக்கி, இப்படியே தலைமுறை தலைமுறையாப் போகும். ஒரு ரகம் வெளிய வர்றதுக்குள்ள நமக்குத் தலை நரச்சுரும். இது சாயமுங்க. நேத்துத்தான் அடிச்சேன். இன்னைக்கு மேடை ஏறணும், அதுக்குத்தான்.

நானும் ஒரு ரகம் கொண்டு வந்தனுங்க. சர்க்காரு வெச்ச பேரு என்னமோ எழுத்தும் நம்பருமா இருந்துச்சு, ஒருத்தர் வாய்லயும் நொழையல. வெவசாயிங்க "நம்ம வேலு சார் தக்காளி"ன்னாங்க. அப்புறம் சார் போயிருச்சு, வெறும் வேலு ஆயிருச்சு. அந்தக் காலத்துல ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வந்து நின்னீங்கன்னா பெட்டி பெட்டியா வேலுதான். லாரில ஏத்திக் கேரளா போயி எறக்குனாலும் ஒரு பழம் நசுங்காது. தோலு அப்படி. செவப்பு அப்படி. காம்புக்கிட்ட மட்டும் தோள்பட்டைல மெலிசா ஒரு பச்ச கோடு கட்டி நிக்கும். அது என் அடையாளமுங்க. நூறு பழத்துக்கு நடுவுல போட்டாலும் என் பழத்த நான் எடுத்துருவேன்.

அப்புறம் வந்துச்சு பாருங்க வெள்ளை ஈ. நீங்க பூ யாவாரம்னீங்க, மல்லியிலயும் பூச்சி பாத்திருப்பீங்க. இது இலைக்கு அடில உக்காரும். ஊதுனா மாவு பறக்கற மாதிரி பறக்கும். அது உறிஞ்சறது கூடப் பரவால்ல, ஒரு நச்சுக்கிருமியக் கொண்டாந்து ஏத்திட்டுப் போயிருது. அதோட செடி சுருண்டுக்கும். இலை கிண்ணமாட்ட மேல மடங்கிரும், வளத்தி நின்னு போயிரும், பூ கொட்டிரும். மாசி பங்குனில நட்டா காடே சுருண்டு கெடக்கும். வெவசாயிங்க என்ன பண்ணுனாங்க? வேலுவ விட்டுட்டாங்க. கம்பெனி வெதைக்குப் போயிட்டாங்க. வேலு தாங்கலையாம். நேரத்துக்கு மருந்தடிச்சா ஏன் தாங்காது? அவங்க அடிக்கல, பேரு கெட்டது எனக்கு.

அந்தச் சமயத்துலதான் தமயந்தி எங்க பண்ணைக்கு மாத்தலாகி வந்துச்சு. கோயில்பட்டிப் பக்கம். என்னய விட ரொம்ப இளசு. வந்த வேகத்துல காட்டுத் தக்காளி ஒண்ண எங்கிருந்தோ வரவழச்சு வலைக்கூடத்துல வெச்சுது. நீங்க அதப் பாத்திருக்கணும். செடி பூராவும் ரோமம். தொட்டாக் கை பிசுபிசுன்னு ஒட்டும், நாத்தம் சாயந்தரம் வரைக்கும் போகாது. காயி கோலிக்குண்டு அளவு, பழுத்தாலும் பச்சதான், அதுலயும் ரோமம். வாய்ல வெக்க முடியாது. ஆனா ஈ வந்து உக்காந்தா அந்தப் பிசின்ல கால் ஒட்டிக்கும், அங்கயே கெடந்து சாகும். அந்த ரோமத்த மட்டும் நல்ல தக்காளிக்குக் கொண்டாரணும்னு அந்தம்மாவுக்கு ஆசை.

நான் சிரிச்சேன். எல்லாருந்தான் சிரிச்சோம். முதல் வருசம் சேத்து எடுத்ததுல காயி சுண்டக்கா அளவு. நான் டீக்கடைல வெச்சே சொன்னேன், அம்மிணி சந்தைக்குப் போடற தக்காளியா, சாமி மாலைக்குக் கோக்கற தக்காளியான்னு. அது காதுக்குப் போயிருச்சு போல. மறுநா வந்து, "மாலைக்கு ஆகும்ல சார், அது வரைக்கும் சந்தோசம்"னு சிரிச்சுட்டுப் போச்சு. கோவிச்சிருந்தாக் கூட எனக்குப் பரவால்லீங்க. சிரிச்சுட்டுப் போனதுதான் உறுத்துச்சு.

அப்புறம் வருசா வருசம் அந்த வேலையேதான். காலைல மொட்ட விரிச்சு, உள்ள இருக்கற மகரந்தக் குழல எடுத்துட்டு, மறுநா காலைல மகரந்தத் தூள மோதரத்துல வெச்சுக்கிட்டுச் செடிக்குச் செடி தொட்டு வெக்கறது. மகரந்தம் வெக்கறதுக்குன்னே வெரல்ல ஒரு பிளாஸ்டிக் மோதரம் இருக்குதுங்க. மத்தவங்க அந்த வேலைய வேலையாளுங்ககிட்ட விட்டுருவோம். அந்தம்மா தானே போட்டுக்கும். கல்யாண மோதரத்தக் கழட்டி வெச்சுட்டு இதப் போட்டுக்கிட்டு வலைக்கூடத்துக்குள்ள போயிரும். எங்க வேலையாளு மாராத்தா வாயெல்லாம் பல்லாச் சொல்லுவா, "எங்கம்மா தொட்டாக் காயி நிக்குதுங்க"ன்னு. எங்கம்மாவாம். நான் அந்தப் பண்ணைல இத்தன காலமா இருக்கறேன், எங்கய்யான்னு ஒரு நா சொல்லல அவ.

இந்தம்மா பேசற கூட்டத்துக்கெல்லாம் நான் உக்கார மாட்டேன். வருசத்துக்கொருக்கா எல்லாரும் என்ன பண்ணுனோம்னு எழுந்திரிச்சு சொல்லணும். தமயந்தி முறை வந்தா நான் டீ குடிக்கப் போயிருவேன். என்னாத்துக்குக் கேக்கறது? பக்கத்துல இருக்கறவங்க கை தட்டறதப் பாக்கவா? ஒரு தடவ என் மேசைக்கு வந்துச்சு. "சார், வேலுவப் பத்தி உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்"னு நின்னுச்சு. அன்னைக்குத்தான் பத்திரிகைல அந்தம்மாவோட போட்டோ வந்திருந்துச்சு. எனக்கு வேலையிருக்குது, அப்புறம் பாக்கலாம்னேன். சரிங்க சார்னு போயிருச்சு. இத எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி நடந்ததுக்கு நான் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுனேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் சொல்லல.

போன வருசத்துக்கு முந்துன வருசம் மாசி மாசம். வயல் வழியா வாறேன். அந்தம்மாவோட பரிசோதனை வயலு. ரெண்டு வரிசை அது புதுசா எடுத்த செடி, அடுத்து ஒரு வரிசை வேற. மறுபடி ரெண்டு, மறுபடி ஒண்ணு. அந்த ஒத்த வரிசைக்கெல்லாம் குச்சி நட்டு அட்டை கட்டியிருந்துச்சு. குனிஞ்சு பாத்தா, வேலு. வேலு. வேலு. வயல் பூரா என் பேரு.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு செடி பூச்சியத் தாங்குதான்னு பாக்கணும்னா பக்கத்துலயே தாங்காத செடி ஒண்ண நடணும். மருந்து ஒரு சொட்டு அடிக்கக் கூடாது. பூச்சி அந்தத் தாங்காத செடில வந்து பெருகும், பெருகி எல்லாப் பக்கமும் போகும். அது செத்து இது நின்னாத்தான் இது தாங்குதுன்னு அர்த்தம். ரெண்டுமே நின்னா அந்த வருசம் பூச்சியே வரல போலன்னு போயிரும். அது மொறதான், இல்லேங்கல. நானே மாணவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன். நானே இன்னொருத்தரு ரகத்த அப்படி நட்டிருக்கறேன். அவரு அப்பவே காலமாயிட்டாரு, அதனால அவருக்கு வருத்தமிருந்திருக்காது. நான் உசுரோட இருக்கறனுங்களே! தெனமும் அந்த வழியாத்தான் ஆபீசுக்குப் போறேன். என் கண்ணு முன்னாடி என் செடிய ஈக்கு எரையா நட்டா எப்படிங்க?

மாராத்தா களை எடுத்துக்கிட்டு இருந்தவ நிமுந்து பாத்து சொல்றா, "ஐயா, வேலுவுல ஈ மொய்க்க ஆரம்பிச்சிருச்சுங்க. அம்மா பாத்து சந்தோசப்பட்டாங்க."

சந்தோசப்பட்டாங்களாம். எனக்கு அடிவயித்துல இருந்து பத்திக்கிட்டு வந்துச்சு.

நீங்க புள்ளகுட்டிக்காரருதான? உங்க புள்ளைக்குக் காச்சல் அடிச்சா மாத்திர குடுப்பீங்களா, பக்கத்து வீட்டுக்காரன் வேண்டாங்கறான்னு சும்மா இருப்பீங்களா? நான் மாத்திர குடுத்தேன். அவ்வளவுதான். மத்தியானம் ஆளுங்க சாப்பிடப் புளியமரத்துக்குப் போயிருவாங்க, அந்தம்மா வலைக்கூடத்துக்குள்ள இருக்கும். வேர்ல ஊத்தற மருந்து ஒண்ணு இருக்குது, வாசம் வராது, செடிக்குள்ள ஏறி நிக்கும், ஈ உறிஞ்சுனா செத்துரும். குடத்துல கலக்கி வேலுவுக்கு மட்டும் ஊத்துனேன். பக்கத்துல இருந்த அந்தம்மா செடில ஒரு சொட்டு விழுகல பாத்துக்கங்க. அதுக்கும் சேத்து ஊத்திக் கெடுக்கணும்னு நெனச்சிருந்தா முடியாதா? நெனைக்கல. அவ்வளவு நேர்மையா நடந்துக்கிட்டேன். வாரா வாரம் குனிஞ்சு குனிஞ்சு இடுப்புப் போச்சு. இந்த வயசுல நான் பட்ட பாட்ட யாராவது பேசறாங்களா?

வேலு நின்னுச்சுங்க. அப்பப்பா. பங்குனி வெய்யில்ல அப்படி ஒரு பச்ச நான் பாத்ததில்ல. காயி கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. தமயந்தி வரிசைக்குள்ள உக்காந்து இலையத் திருப்பித் திருப்பிப் பாக்குது. ஈயக் காணம்னு தவிச்ச மனுசர உலகத்துல நான் ஒருத்தரத்தான் பாத்திருக்கறேன். என்னயப் பாத்து எழுந்திரிச்சு, "வேலு இந்த வருசம் இப்படி நிக்குதே சார், எப்படி?"ன்னுச்சு. நல்ல ரகம்மா, வேற என்ன, அப்படீன்னேன். அன்னைக்கு மத்தியானம் நான் ரெண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டேன்.

ஒண்ணு மட்டும் கண்ணுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தம்மா செடிலயும் பழம் வந்துருச்சு. சுண்டக்கா இல்ல இப்ப. நல்ல பழம், கைக்கு அடக்கமா. ஒண்ணப் பறிச்சுப் பாத்தேன். கெட்டி. தோள்பட்டைல மெலிசாப் பச்ச கோடு. அடப்பாவி, என் பழத்தப் பாத்து அப்படியே எடுத்திருக்குதேன்னு நெனச்சேன். காப்பியடிச்சிருக்குது. தக்காளியப் பாத்துக் காப்பியடிக்க முடியுமாங்க? முடியாது. நான் படிச்சவன், எனக்குத் தெரியணும். ஆனா கோவத்துல இருக்கறப்ப அப்படித்தான் தோணுச்சு. இலையத் தடவிப் பாத்தா ரோமம் ஒட்டுச்சு. கையத் தொடச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் கோயமுத்தூர்ல கூட்டம். புது ரகத்துக்கு ஒப்புதல் குடுக்கற கூட்டம். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்திருந்தாங்க. அன்னைக்கு நான் டீ குடிக்கப் போகல. இது தோக்கறதப் பாக்காம எப்படிப் போறது? முன் வரிசைலயே உக்காந்தேன். தமயந்தி மேல ஏறி, இந்த ரகம் எப்படி வந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சுது. அப்பனா காட்டுத் தக்காளிய வெச்சிருக்குது. தாய்?

தாய் வேலுங்க.

அதோட விடல. பொறந்தத மறுபடி வேலுவோட சேத்து, அதுல ரோமம் இருக்கறத மட்டும் எடுத்து மறுபடி வேலுவோட சேத்து, இப்படியே திரும்பத் திரும்ப வேலுவோடயே. கடைசில காட்டுத் தக்காளில இருந்து ரோமத்தத் தவிர ஒண்ணும் மிஞ்சல. பாக்கியெல்லாம் என் ரத்தம். அந்தம்மா அங்க நின்னு சொல்லுச்சு, "இது புதுசா நான் கண்டுபுடிச்ச ரகம் இல்லீங்க. குழந்தைவேலு சாரோட ரகத்துக்கு ஒரு கம்பளி போத்தியிருக்கேன், அவ்வளவுதான்." எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தாங்க. எங்க பண்ணை ஆளுங்க ஒருத்தருக்கும் ஆச்சரியமில்ல. எல்லாருக்கும் வருசக்கணக்காத் தெரியும். டீ குடிக்கப் போனவனுக்கு மட்டுந்தான் தெரியல.

சொல்லியிருக்கலாமில்லீங்களா? அதுதான் என் கேள்வி. மேசைக்கு வந்துச்சு, சரி. நான் அப்புறம்னு சொன்னேன், சரி. மறுபடி வரக் கூடாதா? கையப் புடிச்சு இழுத்துச் சொல்லக் கூடாதா?

கூட்டத்துத் தலைவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டுக் கேட்டாரு. வயல்ல வேலுவும் ஈ இல்லாம நின்னிருக்குது, விளைச்சலும் புதுசோடதை விட ஒரு கை கூட, அப்புறம் எதுக்கம்மா புதுசுன்னு. தமயந்தி சொல்லுச்சு, "அதுதான் எனக்கும் புரியல சார். வலைக்கூடத்துல ஈய விட்டுப் பாத்தப்ப தொட்டில வெச்ச வேலு அத்தனையும் சுருண்டு போச்சு. வயல்ல மட்டும் நிக்குது." தலைவரு சிரிச்சாரு. "அதுக்கு என்னம்மா, பெத்தவரே எதுக்கத்தான உக்காந்திருக்கறாரு"ன்னு என் பக்கம் திரும்புனாரு. "நீங்க சொல்லுங்க குழந்தைவேலு. மருந்தில்லாம வேலு தாங்குமா, தாங்காதா?"

நான் எழுந்திரிச்சேன். மண்டபமே பாக்குது. தாங்காதுன்னா, அப்ப வயல்ல எப்படி நின்னுச்சுன்னு அடுத்த கேள்வி வரும். தாங்கும்னா, புதுசு போயிரும். புதுசும் என்னுதுதான்னு தெரிஞ்சு அஞ்சு நிமிசங்கூட ஆகல. நெதானமா யோசிக்க விட்டாங்களா? இல்ல. சபைல நிறுத்தி வெச்சு உம் புள்ள நோஞ்சானான்னு கேட்டா எந்த அப்பனுங்க ஆமாங்கறான்?

"தாங்கும்"னு சொன்னேன்.

அந்த ரகம் அன்னைக்கே போயிருச்சு. வேண்டாம்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

வெளிய தாழ்வாரத்துல நான் தண்ணி குடிச்சுட்டு நிக்கறேன், பின்னாலயே வந்து நிக்குது. சண்டை புடிக்கப் போகுதுன்னு நானும் தயாரா நின்னேன். ரொம்ப மெதுவாக் கேட்டுச்சு, "என்ன மருந்து சார்?"

என்ன மருந்து, என்ன கேக்கறேன்னேன்.

"வேர்ல ஊத்துனதுதான சார்? பேரு மட்டும் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லல. எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும், இல்லைன்னா ஒரு வருசம் வீணாப் போயிரும்."

எனக்கு என்னம்மா தெரியும்னேன். சரிங்க சார்னு போயிருச்சு. அந்தச் சரிங்க சார் இருக்குது பாருங்க, அதுக்குப் பதிலா அறஞ்சிருக்கலாம். கத்தியிருக்கலாம். மேல எழுதிப் போட்டிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. நான் ரெண்டு மாசம் கதவு தட்டற சத்தம் கேட்டாலே எழுந்திரிச்சு நின்னேன், யாரோ விசாரிக்க வந்துட்டாங்கன்னு. யாரும் வரல. வராததுக்கும் சேத்து அந்தம்மாவுக்குக் கடன்பட்ட மாதிரி ஆயிருச்சு. அடுத்த மாசமே மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டு வத்தலக்குண்டு தாண்டி ஒரு பண்ணைக்குப் போயிருச்சு. மாராத்தா பஸ் ஏத்தி விடப் போயி அழுதாளாம். நான் நாளைக்கு ரிட்டையர் ஆனா அவ அழுவாளா? நீங்களே சொல்லுங்க.

அங்க போயி மறுபடி முதல்ல இருந்து நட்டிருக்குது. ரெண்டு வரிசை அது, ஒரு வரிசை வேலு. அங்க மாத்திர குடுக்க நான் இல்ல பாருங்க. வேலு ஒண்ணு பாக்கியில்லாம சுருண்டு போச்சாம். பக்கத்துல புதுசு அசையாம நின்னிருக்குது. ஒப்புதல் குடுத்துட்டாங்க. இன்னைக்கு வயல் விழா. சுத்துப்பட்டு வெவசாயிங்க எல்லாம் வர்றாங்க. தலைமை யாருன்னு நெனைக்கறீங்க? அதே தலைவரு. அன்னைக்கு என்னய எழுப்பிக் கேட்டாரே, அவரேதான்.

போன வாரம் தமயந்தி போன் பண்ணுச்சு. சார், நீங்க மேடைல இருக்கணும்னுச்சு. எனக்கு எதுக்கும்மான்னேன். "தாய் உங்களோடது சார். ரகத்துக்கு நீங்கதான் பேரு வெக்கணும். அட்டைல அந்த எடத்தக் காலியா விட்டிருக்கேன். நீங்க வந்து மைக்குல சொன்னதுக்கப்புறம் எழுதிக்கறோம்." நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பக்கத்து வரிசைல வேலு இன்னும் இருக்குதான்னு. "இருக்குது சார். வெவசாயிங்க ரெண்டையும் பாத்தாத்தான நம்புவாங்க."

பாத்தீங்களா? மேடைல எனக்குச் சால்வை. எதுக்க என் செடி செத்துக் கெடக்கும். பக்கத்துல அந்தத் தலைவரு உக்காந்திருப்பாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு, திரும்பி ஒரு பார்வை பாப்பாரு, போதாது? பழி வாங்கறதுன்னா இதாங்க பழி வாங்கறதுன்னு நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரி ஒத்துக்க மாட்டேங்கறா. அந்தப் புள்ளைக்கு மனசு பெருசுங்கறா. பெருசுதான். அது பெருசா இருக்கறதுதான எனக்கு ஆகமாட்டேங்குது. சின்னப் புத்தியா இருந்திருந்தா நான் இந்நேரம் நிம்மதியா வீட்ல உக்காந்திருப்பேன்.

போகாம இருந்துட்டா என்னன்னு யோசிச்சேன். போகலைன்னா பேரு வேற யாராவது வெச்சுருவாங்க. அது என் ரத்தமுங்க, ரோமத்தத் தவிர. அதனால பஸ் ஏறிட்டேன். ஏறுனதுல இருந்து பேருதான் யோசிச்சுக்கிட்டு வாறேன். வேலு ரெண்டுன்னு வெக்கலாம். வெச்சா, ஒண்ணு எங்கன்னு கேப்பாங்க, இந்தா இங்க செத்துக் கெடக்குதுன்னு காட்டுவாங்க. புது வேலுன்னு வெக்கலாம். தலைவரு சிரிப்பாரு, பழசே தாங்கும்னீங்களே, புதுசு எதுக்குங்கன்னு. ஆத்துப் பேரு, மலைப் பேரு, சாமி பேரு எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஒட்டல.

காலைல எங்க வீட்டுக்காரி சட்டைய நீட்டிக்கிட்டே சொன்னா, "அந்தப் புள்ள பேரையே வைங்க." நான் சட்டையப் புடுங்கிக்கிட்டு வந்துட்டேன், காப்பி கூடக் குடிக்கல. நெனச்சுப் பாருங்க. வேலு செத்துக் கெடக்கற வயல்ல, அந்தத் தலைவரு பக்கத்துல நின்னு, நானே மைக்கப் புடிச்சு அந்தப் பேரச் சொல்லணுமாம். அன்னைக்கு நான் தாங்கும்னு சொன்னது பொய்யின்னு அதுக்கு மேல சத்தமாச் சொல்ல முடியுமாங்க? சொன்னா அப்புறம் வேலுவ யாரு நெனப்பா? இனி சந்தைல அந்தப் பேருதான் நிக்கும்.

நிக்குமா? அதுவும் தெரியலையே. நீங்க யாவாரி. ஒரு பேரு சந்தை வாய்ல நிக்குமா நிக்காதான்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒருக்கா சொல்லிப் பாருங்களேன். "தமயந்தி பெட்டி என்ன வெல?" அப்படீன்னு கேக்கற மாதிரி. கண்டக்டருக்குக் கேக்க வேண்டாம், எனக்குக் கேட்டாப் போதும். தப்பா எடுத்துக்காதீங்க, பெரியவன் கேக்கறேன்.

ம்.

கொஞ்சம் சத்தமா, சந்தைல சொல்ற மாதிரி.

நல்லாத்தான் இருக்குதுங்க. வாய்ல நிக்குது. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்க, இன்னொருக்கா சொல்லுங்க.